நிரலாளர் உறவு

நிரலாளர் உறவு என்பது தொழில்நுட்ப நிறுவனங்கள் தமக்கு வெளியே உள்ள நிரலாளர்களைத் தமது இயங்குதளம், நிரல்மொழி அல்லது இணையச் சேவையின்பால் ஈர்க்கவும், அவர்களுக்கு உதவவும், அவர்களுடன் நீண்டகாலத் தொடர்பைப் பேணவும் மேற்கொள்ளும் பணிகளின் தொகுப்பு ஆகும். ஆங்கிலத்தில் இது டெவலப்பர் ரிலேஷன்ஸ் எனவும், சுருக்கமாக டெவ்ரெல் எனவும் அழைக்கப்படுகிறது. நிரலாளர் மாநாடுகள், உள்ளூர்ப் பயனர் குழுக்கள், தன்னார்வலர்களுக்கான விருதுகள், மாணவர் திட்டங்கள், நிரலாக்கப் போட்டிகள், ஆவணங்கள் ஆகியவை இதன் முக்கியக் கூறுகள் ஆகும்.

இவ்வுறவில் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் சார்ந்துள்ளனர். வெளி நிரலாளர்கள் எழுதும் மென்பொருட்கள் இல்லாமல் ஒரு தளம் விலைபோவதில்லை. அதேவேளை, தளத்தின் உரிமையாளர் தனது விதிகளை மாற்றினால் நிரலாளரின் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் பயனற்றுப் போகலாம். மாநாட்டு மேடையில் அளிக்கப்படும் வாக்குறுதியை நம்பிப் பலர் தமது தொழிலையே அமைத்துக்கொள்கின்றனர். எனவே, அவ்வாக்குறுதி எவ்வளவு காலம் காக்கப்படுகிறது என்பது இத்துறையின் மையமான கேள்வியாக உள்ளது.

பெயர்

இப்பணியைச் செய்பவர்கள் தொடக்கத்தில் இவாஞ்சலிஸ்ட் என்று அழைக்கப்பட்டனர். கிறித்தவ சமயத்தில் நற்செய்தியைப் பரப்புபவரைக் குறிக்கும் சொல் இது. 1980களில் ஆப்பிள் நிறுவனம் இச்சொல்லைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது. தமிழில் இதனைத் தொழில்நுட்பப் பரப்புநர் எனலாம். பிற்காலத்தில் பல நிறுவனங்கள் இச்சொல்லைத் தவிர்த்து, அட்வகேட் என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கின. நிரலாளரின் சார்பில் வாதாடுபவர் என்பது அதன் பொருள். பரப்புநர் நிறுவனத்தின் செய்தியை வெளியே கொண்டு செல்பவர். அட்வகேட் அதனுடன் வெளியிலுள்ளோரின் குறைகளை நிறுவனத்துக்குள் கொண்டு வருபவர். நடைமுறையில் ஒரே நபர் இரண்டையும் செய்வது உண்டு.

தேவை

கணினி ஒன்றை வாங்குபவர் அதில் இயங்கும் மென்பொருட்களுக்காகவே அதனை வாங்குகிறார். டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979 இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. கணக்கு வேலைகளுக்காக இம்மென்பொருளை விரும்பிய பலர் அதன்பொருட்டே அக்கணினியை வாங்கினர். இம்மென்பொருளை எழுதியவர்கள் ஆப்பிள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர்.

இதிலிருந்து ஒரு சிக்கல் எழுகிறது. பயனர்கள் போதிய அளவில் இல்லாத தளத்துக்கு நிரலாளர்கள் மென்பொருள் எழுத முன்வருவதில்லை. மென்பொருட்கள் இல்லாத தளத்துக்குப் பயனர்கள் வருவதில்லை. கோழி முந்தியா முட்டை முந்தியா என்பது போன்ற இந்நிலையைப் பொருளியலாளர்கள் மறைமுக வலையமைப்பு விளைவுடன் தொடர்புபடுத்துகின்றனர். ஒரு தரப்பு வளர்ந்தால் மறுதரப்புக்கும் பயன் கூடும். ஒரு தரப்பு தேய்ந்தால் மறுதரப்பும் தேயும். பயனர்கள் வருவதற்கு முன்பே நிரலாளர்களை இணங்கச் செய்வது நிரலாளர் உறவின் முதல் வேலை ஆகும்.

வரலாறு

பயனர் குழுக்கள்

நிறுவனங்கள் நிரலாளர்களைத் தேடி வருவதற்கு முன்பே நிரலாளர்கள் தாமாகவே ஒன்றுகூடினர். ஐ.பி.எம். 701 கணினியைப் பயன்படுத்திய அமெரிக்க நிறுவனங்கள் சில 1955 இல் சேர் என்ற பயனர் குழுவை அமைத்தன. பகிர்தல் என்பது இப்பெயரின் பொருள். ஒரே வகையான நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதுவதைத் தவிர்த்து, எழுதியவற்றைத் தமக்குள் பகிர்ந்துகொள்வது இதன் நோக்கம். ஐ.பி.எம். 709 கணினிக்கான இயங்குதளம் ஒன்றின் உருவாக்கத்திலும் இக்குழு பங்கேற்றது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளைப் பயன்படுத்தியவர்களுக்கான டெக்கஸ் குழு 1961 இல் தோன்றியது.

அக்காலத்தில் மென்பொருள் பெரும்பாலும் வன்பொருளுடன் சேர்த்தே அளிக்கப்பட்டது. மென்பொருளுக்குத் தனியே விலை வைக்கப்போவதாக 1969 இல் ஐ.பி.எம். அறிவித்தது. மென்பொருள் தனித் தொழிலாக வளர இம்முடிவு வழிவகுத்தது. தன்னிச்சையாக இயங்கும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியபின், அவற்றின் ஆதரவைப் பெறுவது வன்பொருள் நிறுவனங்களுக்குத் தேவையாயிற்று.

மாக்கின்டாஷ்

ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் கணினி 1984 சனவரி 24 அன்று வெளியிடப்பட்டது. சுட்டி, சாளரங்கள், படவுருக்கள் ஆகியவற்றைக் கொண்ட இக்கணினிக்கு நிரல் எழுதும் முறை அன்றைய நிரலாளர்களுக்குப் புதியது. தொடக்கத்தில் மாக்கின்டாஷுக்கான நிரல்களை எழுத, அதைவிடப் பன்மடங்கு விலையுயர்ந்த லிசா கணினி தேவைப்பட்டது. வெளிவராத ஒரு கணினிக்காக இவ்வளவு செலவையும் உழைப்பையும் ஏற்குமாறு மென்பொருள் நிறுவனங்களைக் கேட்க வேண்டியிருந்தது.

இவ்வேலைக்கு மைக் பாய்ச் அமர்த்தப்பட்டார். இவரே மாக்கின்டாஷின் முதல் மென்பொருள் பரப்புநர். 1983 இல் இவருடன் கை கவாசாகி இணைந்தார். கவாசாகி அதற்கு முன் நகைத் தொழில் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். வெளியாகவிருந்த கணினியை மென்பொருள் நிறுவனங்களுக்குக் காட்டுவதும், தொழில்நுட்ப ஆவணங்களை அளிப்பதும், ஐயங்களைத் தீர்ப்பதும் இவர்களின் பணிகளாக இருந்தன. தமது அனுபவங்களைக் கவாசாகி பின்னர் நூல்களாக எழுதினார். இத்தொழில் பற்றிய பொதுக் கருத்து உருவானதில் அவற்றுக்குப் பங்குண்டு.

இம்முயற்சியின் பயன் 1985 இல் தெளிவாகத் தெரிந்தது. ஆல்டஸ் என்ற வெளி நிறுவனம் அவ்வாண்டில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டது. அது ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியுடன் சேர்ந்து கணினி அச்சுக்கோப்பு என்ற புதிய துறையை உருவாக்கியது. விற்பனை மந்தமாக இருந்த மாக்கின்டாஷுக்கு இது உறுதியான சந்தையைத் தந்தது. பிற்காலத்தில் தமிழ் இதழ்களும் நூல்களும் வடிவமைக்கப்பட்டதிலும் பேஜ்மேக்கர் பெரும்பங்கு வகித்தது.

மைக்ரோசாப்ட்

1990களில் நிரலாளர் உறவை மிகப் பெரிய அளவில் மேற்கொண்ட நிறுவனம் மைக்ரோசாப்ட் ஆகும். தொழில்முறை நிரலாளர்களுக்கான பி.டி.சி. என்ற மாநாட்டை அது 1990களின் தொடக்கத்தில் தொடங்கியது. 1992 இல் நடைபெற்ற மாநாட்டில் விண்டோஸ் என்.டி. இயங்குதளத்தின் முன்னோட்டப் பதிப்பு நிரலாளர்களுக்கு வழங்கப்பட்டது. அவ்வியங்குதளம் சந்தைக்கு வந்தது 1993 இல் ஆகும். அதே 1992 இல், கருவிகளையும் ஆவணங்களையும் சந்தா முறையில் அளிக்கும் எம்.எஸ்.டி.என். திட்டமும் தொடங்கியது.

நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் இசுடீவ் பால்மர் மேடையில் வியர்வை வழிய டெவலப்பர்ஸ் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கூவிய நிகழ்படம் 2000களின் தொடக்கத்தில் இணையத்தில் பரவியது. பலர் அதனை நகைச்சுவையாகவே பார்த்தனர். ஆயினும் விண்டோசின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை அவர் சரியாகவே கூறினார் எனலாம்.

இணையமும் கைபேசியும்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தனது ஜாவா மொழிக்காக ஜாவாவன் என்ற மாநாட்டை 1996 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. 2005 ஆம் ஆண்டுக்குப் பின் இணைய நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. இவை இயங்குதளத்துக்குப் பதிலாகப் பயன்பாட்டு நிரலாக்க இடைமுகத்தை நிரலாளர்களுக்குத் திறந்துவிட்டன. ஒரு சேவையின் தரவுகளையும் வசதிகளையும் வேறொரு நிரல் கேட்டுப் பெறுவதற்கான வழியே இவ்விடைமுகம். பேஸ்புக் தனது எஃப்8 மாநாட்டை 2007 மே மாதத்தில் தொடங்கி, தனது தளத்தை வெளி நிரலாளர்களுக்குத் திறந்தது. கூகிளின் ஐ/ஓ மாநாடு 2008 மே மாதத்தில் முதன்முதலாக நடைபெற்றது.

ஐபோன் 2007 இல் வெளிவந்தபோது வெளியார் எழுதிய செயலிகளுக்கு அதில் இடம் இருக்கவில்லை. அவ்வாண்டு நடைபெற்ற ஆப்பிள் நிரலாளர் மாநாட்டில், உலாவியில் இயங்கும் வலைச் செயலிகளை எழுதிக்கொள்ளுமாறு நிரலாளர்களுக்குக் கூறப்பட்டது. இதனை அவர்கள் வரவேற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2008 மார்ச்சில் உருவாக்கக் கருவித்தொகுதி அறிமுகமானது. சூலையில் ஏறத்தாழ 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது.

மாநாடுகள்

நிறுவனங்கள் நடத்தும் நிரலாளர் மாநாடு பொதுவாக மூன்று அல்லது நான்கு பகுதிகளைக் கொண்டிருக்கும்.

முதன்மை உரை: நிறுவனத் தலைவர்கள் புதிய தயாரிப்புகளை அறிவிக்கும் பகுதி. ஊடகங்களின் கவனம் பெரும்பாலும் இதன் மீதே இருக்கும். தமிழ்நாட்டில் பிறந்த சுந்தர் பிச்சை கூகிள் ஐ/ஓ மாநாட்டின் முதன்மை உரையைப் பல ஆண்டுகளாக நிகழ்த்தி வருகிறார்.

அமர்வுகள்: புதிய வசதிகளை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைப் பொறியாளர்கள் விளக்கும் பகுதி. கற்பதற்கு மிகவும் பயன்படுவது இதுவே. இவற்றின் ஒளிப்பதிவுகள் பின்னர் இணையத்தில் வெளியிடப்படுவதும் உண்டு.

ஆய்வகங்கள்: நிரலாளர் தமது நிரலைக் கொண்டுவந்து, அத்தொழில்நுட்பத்தை உருவாக்கிய பொறியாளரிடமே காட்டி வழி கேட்கும் பகுதி. ஆவணங்களில் விடை கிடைக்காத சிக்கல்கள் சில இங்கே சில நிமிடங்களில் தீர்வதுண்டு.

இடைவேளை உரையாடல்கள்: நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத பகுதி இது. ஒரே சிக்கலை எதிர்கொள்ளும் நிரலாளர்கள் சந்திப்பதும், வேலைவாய்ப்புப் பற்றிப் பேசுவதும் இங்கு நிகழும்.

மாநாட்டுக்கான காலமும் கணக்கிட்டே முடிவு செய்யப்படுகிறது. ஆப்பிள் தனது மாநாட்டை வழக்கமாகச் சூன் மாதத்தில் நடத்தி, புதிய இயங்குதளங்களின் முன்னோட்டப் பதிப்பை அப்போது அளிக்கிறது. இறுதிப் பதிப்பு இலையுதிர் காலத்தில் வெளிவரும். இடைப்பட்ட சில மாதங்களில் நிரலாளர்கள் தமது செயலிகளைப் புதுப்பித்துவிடுவர். எனவே புதிய கருவியை வாங்குபவருக்கு முதல் நாளிலேயே செயலிகள் ஆயத்தமாக இருக்கும். பெரிய மாற்றங்களுக்கும் இம்மேடையே பயன்படுகிறது. மாக்கின்டாஷ் கணினிகள் இன்டெல் செயலகத்துக்கு மாறுவதை ஆப்பிள் 2005 ஆம் ஆண்டு மாநாட்டிலும், தனது சொந்தச் செயலகத்துக்கு மாறுவதை 2020 ஆம் ஆண்டு மாநாட்டிலும் அறிவித்தது.

மாநாட்டில் நேரில் பங்கேற்பது எளிதன்று. 2013 இல் ஆப்பிள் மாநாட்டின் நுழைவுச்சீட்டு 1,599 அமெரிக்க டாலர். அவ்வாண்டு சீட்டுகள் அனைத்தும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஆண்டு முதல் குலுக்கல் முறை கொண்டுவரப்பட்டது. பிற நாடுகளில் இருந்து வருவோருக்குப் பயணச் செலவும் நுழைவிசைவும் கூடுதல் தடைகள் ஆகும்.

அன்பளிப்புகளும் மாநாடுகளின் வழக்கமாயின. 2009 ஆம் ஆண்டு கூகிள் ஐ/ஓ மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு ஆண்ட்ராய்டு கைபேசிகள் இலவசமாக வழங்கப்பட்டன. ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்போர் அப்போது மிகச் சிலரே. கையில் கருவி இருந்தால் அதற்கு நிரல் எழுதிப் பார்ப்பர் என்பதே இதன் பின்னுள்ள கணக்கு.

சமூகத் திட்டங்கள்

மாநாடு ஆண்டில் சில நாட்களே நடைபெறும். எஞ்சிய நாட்களில் தொடர்பைப் பேணச் சமூகத் திட்டங்கள் உதவுகின்றன. இவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நிபுணர் விருதுகள்: மைக்ரோசாப்ட் 1993 இல் எம்.வி.பி. என்ற விருதுத் திட்டத்தைத் தொடங்கியது. சம்பளம் பெறாமல் பிற பயனர்களின் கேள்விகளுக்கு விடையளித்தவர்களைப் பாராட்டுவதற்காக இது தோன்றியது. ஜாவா சாம்பியன்ஸ், கூகிள் டெவலப்பர் எக்ஸ்பர்ட்ஸ் ஆகியவை இதே வகையின. விருது பெற்றவர்களுக்கு வெளிவராத தயாரிப்புகளைப் பற்றி முன்கூட்டியே அறியவும், அவற்றை உருவாக்குவோருடன் நேரடியாகப் பேசவும் வாய்ப்புக் கிடைக்கிறது.

உள்ளூர்க் குழுக்கள்: கூகிள் டெவலப்பர் குரூப்ஸ் போன்ற குழுக்கள் உலகின் பல நகரங்களில் இயங்குகின்றன. நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். நிறுவனம் பெயரையும் பாடப்பொருளையும் சில வசதிகளையும் அளிக்கிறது.

மாணவர் திட்டங்கள்: மைக்ரோசாப்டின் இமேஜின் கப் போட்டி 2003 இல் தொடங்கியது. 2006 ஆம் ஆண்டின் இறுதிச்சுற்று இந்தியாவில் நடைபெற்றது. கல்லூரியில் ஒரு கருவியைக் கற்றவர் வேலைக்குச் சென்றபின்னும் அதனையே நாடுவார் என்ற எதிர்பார்ப்பு இத்திட்டங்களுக்கு அடிப்படை.

திறமூலத் திட்டங்கள்: கூகிள் 2005 இல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில், மாணவர்கள் ஒரு திறமூல மென்பொருள் அமைப்பின் வழிகாட்டியுடன் இணைந்து நிரல் எழுதி உதவித்தொகை பெற்றனர். முதல் ஆண்டில் ஏறத்தாழ 400 மாணவர்கள் பங்கேற்றனர். எழுதப்பட்ட நிரல் கூகிளுக்குச் சொந்தமாவதில்லை. அந்தந்தத் திறமூல அமைப்புக்கே செல்கிறது. 2022 முதல் மாணவர் அல்லாதவர்களும் பங்கேற்கலாம். இதுவரை 20,000க்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் பங்கேற்றுள்ளனர்.

நிரலாக்கப் போட்டிகள்: ஒன்றிரண்டு நாட்கள் தொடர்ந்து நிரல் எழுதும் ஹேக்கத்தான் நிகழ்ச்சிகள். நிறுவனம் தனது இடைமுகத்தைப் பயன்படுத்துவோருக்குப் பரிசளிக்கும். அதன் ஆவணங்களில் எங்கே குழப்பம் உள்ளது என்பதையும் அந்நாட்களிலேயே அறிந்துகொள்ளும்.

பணத்தின் எல்லை

நிரலாளர்களின் நம்பிக்கையைப் பணத்தால் பெற முடியுமா என்பதற்குக் கைபேசித் துறையில் இரு எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஐபோன், ஆண்ட்ராய்டு ஆகியவற்றுக்குப் பின்தங்கியிருந்த விண்டோஸ் போன் தளத்துக்காக, வெளியிடப்படும் ஒவ்வொரு செயலிக்கும் 100 டாலர் அளிக்கும் திட்டத்தை மைக்ரோசாப்ட் 2013 இல் அமெரிக்காவில் அறிவித்தது. அதே காலத்தில் பிளாக்பெர்ரி நிறுவனம், தனது புதிய பிளாக்பெர்ரி 10 தளத்தில் தகுதிபெற்ற செயலி ஒன்று முதல் ஆண்டில் குறைந்தது 1,000 டாலர் ஈட்டினால், 10,000 டாலருக்குக் குறையும் தொகையைத் தானே ஈடுசெய்வதாக உறுதியளித்தது.

இரண்டு தளங்களும் நிலைக்கவில்லை. பரிசுக்காக எழுதப்படும் செயலிகளால் எண்ணிக்கை உயரலாம். ஆனால் பயனர்கள் நாளும் தேடும் பெயர்பெற்ற செயலிகளை உருவாக்கும் நிறுவனங்கள் சந்தையின் அளவையே பார்த்தன. ஒரு செயலியை எழுதுவதைவிட அதனைப் பல ஆண்டுகள் பராமரிப்பதற்கே செலவு அதிகம். ஒருமுறை தரப்படும் ஊக்கத்தொகை அதனை ஈடுசெய்வதில்லை.

வாக்குறுதிகளும் முறிவுகளும்

நிரலாளர் உறவின் வரலாற்றில் வெற்றிகளைப் போலவே ஏமாற்றங்களும் பல உண்டு.

மைக்ரோசாப்ட் 2003 ஆம் ஆண்டு பி.டி.சி. மாநாட்டில், லாங்ஹார்ன் என்ற குறிப்பெயரில் அமைந்த அடுத்த விண்டோசைக் காட்டியது. அதன் தூண்களுள் ஒன்றாக வின்எஃப்எஸ் என்ற கோப்புச் சேமிப்பு முறை விளக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது லாங்ஹார்னில் இடம்பெறாது என அறிவிக்கப்பட்டது. 2006 இல் வின்எஃப்எஸ் தனித் தயாரிப்பாக வெளிவருவதும் கைவிடப்பட்டது.

கூகிள் 2009 ஆம் ஆண்டு ஐ/ஓ மாநாட்டில் மின்னஞ்சலுக்கு மாற்றாகக் கருதப்பட்ட கூகிள் வேவ் சேவையை அறிமுகம் செய்தது. அதற்கான நீட்சிகளை எழுதுமாறு நிரலாளர்கள் அழைக்கப்பட்டனர். போதிய பயனர்கள் இல்லாமையால், 2010 ஆகத்தில் அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்துவதாகக் கூகிள் அறிவித்தது.

டுவிட்டரின் கதை இவற்றினும் நீண்டது. 2006 இல் தொடங்கிய இச்சேவை தனது இடைமுகத்தை விரைவிலேயே வெளியாருக்குத் திறந்தது. பலர் டுவிட்டரைப் பயன்படுத்தியது வெளி நிரலாளர்கள் எழுதிய செயலிகளின் வழியாகவே. டுவிட்டரிஃபிக் என்ற அத்தகைய செயலியே பறவைச் சின்னத்தையும் டுவீட் என்ற சொல்லையும் முதலில் பயன்படுத்தியது. 2010 ஏப்ரலில் டுவிட்டர் தனது முதல் நிரலாளர் மாநாட்டை நடத்தியது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக வெளிச் செயலி ஒன்றை விலைக்கு வாங்கித் தனது அதிகாரபூர்வச் செயலியாக்கியது. 2012 இல், டுவிட்டருக்கு மாற்றுமுகப்பாக அமையும் புதிய செயலிகளுக்கு 100,000 பயனர்கள் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. 2015 இல் அதன் தலைவர் சாக் டார்சி நிரலாளர் மாநாட்டு மேடையிலேயே மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் கைமாறியபின், 2023 சனவரியில் டுவிட்டரிஃபிக், டுவீட்பாட் முதலிய செயலிகள் முன்னறிவிப்பு இன்றி முடக்கப்பட்டன. அவற்றைத் தடைசெய்யும் விதி சில நாட்கள் கழித்தே ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 16 ஆண்டுகள் பேணப்பட்ட ஒரு செயலியும் அதனை நம்பி இருந்த வருமானமும் இவ்வாறு முடிவுக்கு வந்தன.

முறிவை ஓரளவு பொறுப்புடன் கையாண்ட நிகழ்வுகளும் உள்ளன. கைபேசிச் செயலிகளுக்கான பின்புலச் சேவையான பார்சை பேஸ்புக் 2013 இல் வாங்கியது. 2016 சனவரியில் அதனை மூடப்போவதாக அறிவித்தபோது ஓராண்டு கால அவகாசம் அளித்ததுடன், அதன் வழங்கி நிரலைத் திறமூலமாகவும் வெளியிட்டது. நிரலாளர்கள் தமது செயலிகளை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள இது வழிசெய்தது. பார்ஸ் சேவை மூடப்பட்ட பின்னரும் அந்நிரலைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து பராமரித்து வருகின்றனர்.

விமர்சனங்கள்

நடுநிலை: கற்பித்தலும் விளம்பரமும் ஒரே மேடையில் கலந்திருப்பதால் கேட்போர் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மைக்ரோசாப்டுக்கு எதிராக நடைபெற்ற வழக்கில் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் சில வெளியாயின. நடுநிலையானவை போலத் தோன்றும் குழு விவாதங்களைத் தமக்குச் சாதகமாக அமைக்கும் உத்திகள் 1990களைச் சேர்ந்த பரப்புநர் பயிற்சி ஆவணம் ஒன்றில் விளக்கப்பட்டிருந்தன. இவ்வழக்கு 2007 இல் உடன்பாட்டில் முடிந்தது.

ஊதியமற்ற உழைப்பு: தன்னார்வலர்கள் அளிக்கும் விடைகளும் நடத்தும் வகுப்புகளும் நிறுவனத்தின் ஆதரவுச் செலவைக் குறைக்கின்றன. கைம்மாறாகப் பட்டமும் சட்டையும் ஒட்டிகளும் கிடைக்கின்றன. புதிய வேலை, நற்பெயர், நட்பு ஆகியவை கிடைப்பதால் இது நியாயமான பரிமாற்றமே என்று பங்கேற்பாளர் பலர் கருதுகின்றனர். இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்கு இலவசமாக உழைப்பது முறையன்று என்பது மறுதரப்பின் வாதம்.

பரிசின் விளைவு: டிஜிட்டல் ஓசன் நிறுவனம் 2014 முதல் அக்டோபர் தோறும் நடத்திவரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், திறமூலத் திட்டங்களுக்குப் பங்களித்தோருக்குச் சட்டை பரிசாக வழங்கப்பட்டது. 2020 இல் சட்டைக்காக மட்டும் பலர் பயனற்ற மாற்றங்களை அனுப்பியதால், திட்டங்களைப் பராமரிப்போர் பெரிதும் அல்லலுற்றனர். அதன்பின், விரும்பி இணையும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன.

அதிகார ஏற்றத்தாழ்வு: மாநாட்டில் கூட்டாளிகள் என அழைக்கப்படும் நிரலாளர்களுக்கு விதிகளை வகுப்பதில் பங்கில்லை. ஆப் ஸ்டோரில் விற்கும் செயலிகளுக்கு ஆப்பிள் தொடக்கம் முதல் 30 விழுக்காடு கழிவு பெற்றது. நீண்டகாலக் குறைகூறலுக்குப் பின், 2021 சனவரி முதல் சிறு நிரலாளர்களுக்கு இது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எபிக் கேம்ஸ் நிறுவனம் 2020 இல் தொடுத்த வழக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களும் இக்கேள்வியை மாநாட்டு அரங்குகளில் இருந்து நீதிமன்றங்களுக்கும் சட்டமன்றங்களுக்கும் கொண்டு சென்றன.

இலங்கையும் தமிழ்நாடும்

பெருநிறுவனங்களின் முதன்மை மாநாடுகளுள் பல அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடைபெறுவதால், தெற்காசிய நிரலாளர்களுக்குச் சமூகத் திட்டங்களே அணுகத்தக்க வழியாக அமைந்தன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆகும். கூகிள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவர்களைப் பங்கேற்கச் செய்த பல்கலைக்கழகம் இதுவே. ஓராண்டு பங்கேற்றவர்கள் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு வழிகாட்டியதும், இலங்கையில் திறமூல மென்பொருள் பணிகள் ஏற்கெனவே வேரூன்றி இருந்ததும் இதற்குத் துணைசெய்தன. சஞ்சீவ வீரவரண 2005 இல் இணைந்து நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற திறமூல நிறுவனம் தனது சொந்த மாநாட்டை நடத்தும் அளவுக்கு வளர்ந்தது.

நிறுவனம் சாராத குழுக்களும் உள்ளன. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகள் மாதாந்தரக் கூட்டங்களை நடத்தியது. பைத்தான் மொழிக்கான பைகான் இந்தியா மாநாடு 2009 இல் பெங்களூரில் தொடங்கி, 2019 இல் சென்னையில் நடைபெற்றது. இத்தகைய மாநாடுகளில் நிறுவனங்கள் ஆதரவாளர்களாக இடம்பெறுகின்றன. பேச்சாளர்களைத் தெரிவு செய்வது தன்னார்வலர்களே. ஒரு நிறுவனம் தனது தயாரிப்பைக் கைவிட்டாலும் இக்குழுக்கள் கலைவதில்லை.

2020க்குப் பிந்தைய நிலை

கோவிட்-19 பெருந்தொற்றினால் 2020 இல் எஃப்8, கூகிள் ஐ/ஓ ஆகிய மாநாடுகள் கைவிடப்பட்டன. ஆப்பிள், மைக்ரோசாப்ட் ஆகியவை தமது மாநாடுகளை இணையவழியில் இலவசமாக நடத்தின. முன்பு ஆயிரக்கணக்கான டாலர் செலவிட்டோர் மட்டும் கண்ட அமர்வுகளை எந்த ஊரில் இருந்தும் உடனுக்குடன் காண முடிந்தது. ஆனால் ஆய்வக உதவியும் இடைவேளை உரையாடல்களும் இணையவழியில் அதே அளவு பயன் தரவில்லை என்ற கருத்து உண்டு. பின்னர் பல மாநாடுகள் நேரிலும் இணையத்திலும் ஒருசேர நடைபெறும் வடிவத்துக்கு மாறின. எஃப்8 மாநாட்டை 2022 இல் நடத்தப்போவதில்லை என மெட்டா நிறுவனம் அறிவித்தது.

மதிப்பிடும் அளவுகோல்கள்

ஒரு தளம் நிரலாளர்களுக்கு எவ்வளவு உகந்தது என்பதை மாநாட்டின் பகட்டைக் கொண்டு அளவிட முடியாது. மேற்கண்ட நிகழ்வுகளில் இருந்து சில அளவுகோல்கள் பெறப்படுகின்றன.

நிறுவனம் வருவாய் ஈட்டும் வழியும் நிரலாளர் வருவாய் ஈட்டும் வழியும் ஒத்துப்போகின்றனவா, மோதுகின்றனவா என்பது முதலாவது. டுவிட்டர் விளம்பர வருவாயை நாடியபோது, அதன் முகப்புக்கு மாற்றாக விளங்கிய வெளிச் செயலிகள் போட்டியாளர்களாக மாறின. பழைய நிரல்கள் புதிய பதிப்புகளிலும் இயங்குகின்றனவா, நீக்கப்படும் வசதிகளுக்கு எவ்வளவு முன்னறிவிப்புத் தரப்படுகிறது என்பது இரண்டாவது. கற்கும் அறிவு பிற தளங்களிலும் பயன்படுமா, எழுதிய நிரலையும் தரவையும் வெளியே எடுத்துச்செல்ல இயலுமா என்பது மூன்றாவது. நிரலாளர்கள் தெரிவிக்கும் குறைகள் அடுத்த பதிப்பில் திருத்தப்படுகின்றனவா என்பது நான்காவது.

இவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் மேடையில் கூறப்படுவதில்லை. ஒப்பந்த விதிகளிலும், பதிப்புக் குறிப்புகளிலும், அந்நிறுவனம் முன்பு கைவிட்ட தயாரிப்புகளின் வரலாற்றிலும் அவை காணப்படுகின்றன.